இஞ்சி சோடா கேட்ட நாள்

இன்று திருச்சுழியில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குக் கை நீட்டியபோது இஞ்சி வாசம் வந்தது. கறிக்கு அரைக்கிற இஞ்சியில்லை. எசென்ஸும் சர்க்கரையும் கேஸும் சேர்ந்து மூக்கில் ஏறுகிற வாசம். எத்தனை தடவை துவைத்தாலும் உங்கள் சட்டையை விட்டுப் போகாத அதே வாசம். திரும்பிப் பார்த்தால், கோலி சோடாவுக்கென்று ஒரு தள்ளுவண்டியைப் பூச்சரம் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். இப்போது இது ஒரு பேஷன். நம் காலத்தில் கல்யாண வீட்டில் யாராவது சோடா கேட்டால் அங்கே ஒரு ஆள் மயங்கி விழுந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது போட்டோ எடுத்துக்கொண்டு குடிக்கிறார்கள்.

வண்டிக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியில் ஒருவர் நின்றார். ஐம்பதைத் தாண்டிய வயசு. ஒரு பாட்டிலைக் குடித்து முடித்துவிட்டு இன்னொன்று உடைக்கச் சொன்னார். உள்ளங்கையை விரித்து நெஞ்சின் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "காலையில இருந்து வாய்வு. ஒரு ஏப்பம் வந்துட்டா சரியாப் போயிரும்" என்று வண்டிக்காரப் பையனிடம் சொன்னார். எனக்கு அதற்குமேல் அங்கே சும்மா நிற்க முடியவில்லை.

"தம்பி, எங்க வலிக்குது? விரலை வச்சுக் காட்டுங்க."

"வலியெல்லாம் இல்லம்மா. ஒரு மாதிரி அடைக்குது."

"தாடைக்கோ கைக்கோ இழுக்குதா? இப்படி வேர்க்குதே, எப்ப இருந்து?"

"நீங்க நர்சம்மாவா?"

"இல்ல. சோடாக்காரர் சம்சாரம்."

அவர் சிரித்துவிட்டார். நான் அவர் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கிக் கீழே வைத்தேன். அவருடைய மகன் ஓடி வந்தான். "உங்கப்பாவை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நெஞ்சுப் படம், அதான் ஈசிஜி, எடுக்காம திரும்பி வராத" என்றேன். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்க் காரை எடுத்துவிட்டான். அதன் பிறகுதான் தெரிந்தது, அவர் பெண்ணுக்குத் தாய்மாமன். தாலி கட்டுகிற நேரத்தில் மணமேடையில் நிற்க வேண்டியவர். பெண்ணின் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள், "ஏன் பெரியம்மா, முகூர்த்த நேரத்துல எங்க அண்ணனைக் கிளப்பி விட்டுட்டீகளே, நல்லாயிருப்பீகளா?" பந்தியில் உட்காராமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். விவரம் தெரிந்ததும் போன் பண்ணுகிறேன் என்று அந்தப் பையன் நம்பர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். இன்னும் போன் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் கூப்பிடப் போவதில்லை. ஆனால் உங்களைத் திட்டாமல் இதை எழுதி முடிப்பேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

எண்பதுகளில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாம் கடை போட்டதை நினைத்துப் பார்க்கிறேன். பலகையில் 'சோடாக் கம்பெனி' என்று எழுதியிருந்தது. கம்பெனியில் இருந்தது நீங்கள், நான், உங்கள் தம்பி, கையால் சுற்றுகிற ஒரு மிஷின். அந்த ஊரில் நெஞ்சு பிடித்தால் முதலில் சோடாக் கடை, அப்புறம்தான் டாக்டர். தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு நாள் முழுக்கக் குனிந்திருக்கிறவர்கள், மில்லில் ஷிப்டு முடித்து நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடுகிறவர்கள், எல்லோருக்கும் எல்லா நோவும் வாய்வுதான். முதுகில் பிடித்தால் வாய்வு, தோளில் இழுத்தால் வாய்வு, மூச்சு முட்டினால் அதுவும் வாய்வு. இஞ்சி சோடாவில் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டு நீங்கள் கொடுப்பீர்கள். நுரை பொங்கும்போதே ஒரே மூச்சில் குடிப்பார்கள். ஏப்பம் வந்துவிட்டால் ஆள் பிழைத்துவிட்டான் என்று சுற்றி நிற்பவர்கள் கலைந்து போவார்கள். நீங்களும் அப்படித்தான் நம்பினீர்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். ஊரே நம்பியதை நாம் மட்டும் எப்படிச் சந்தேகப்பட முடியும்?

வீரசோழன் ஊர்ப் பாய் வருகிற வரைக்கும் அப்படித்தான் ஓடியது. அவர் வியாபாரத்துக்குச் சேலை எடுக்க அருப்புக்கோட்டைக்கு வாராவாரம் வருகிறவர். என்னைத் தங்கச்சி என்பார். மூட்டையை நம் கடையில் போட்டுவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பார். அன்று மூட்டையை இறக்கியதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "தம்பி, நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. வாய்வு அடைச்சிருச்சு. இஞ்சி சோடா ஒண்ணு உடைங்க" என்றார். நீங்கள் உடைத்துக் கொடுத்தீர்கள். பெரிய ஏப்பம் வந்தது. "ஆங், இறங்கிருச்சு" என்று சிரித்தார். இன்னொன்று கேட்டார். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டதால் பாட்டிலோடு ஏறினார். "பாட்டிலை அடுத்த வாரம் தாரேன்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். பாட்டிலை யார் கொண்டுபோனாலும் உங்களுக்கு முகம் சுருங்கும். பாய் என்பதால் கையை ஆட்டி அனுப்பிவிட்டீர்கள்.

அந்த பஸ் சாயங்காலம் திரும்பி வந்தது. கண்டக்டர் இறங்கி நேரே நம் கடைக்கு வந்தார். பாட்டிலின் கழுத்தைப் பிடித்திருந்தார். "அண்ணே, இந்தாங்க உங்க பாட்டிலு. குடிச்சவுக போயிட்டாக." திருச்சுழி வருகிற வரைக்கும் ஜன்னலில் சாய்ந்து தூங்குகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். பாட்டிலில் பாதி சோடா அப்படியே இருந்தது. நீங்கள் அதை வாங்கி, கழுவப்போடாமல், கொட்டாமல், அப்படியே மேல் தட்டில் வைத்தீர்கள்.

அப்புறம் ஒருநாள் பாயின் தம்பி வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நான் முன்னால் போய் நின்றேன். அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணன் மவுத்தாகுறதுக்கு முன்னாடி உங்க கையாலதான் குடிச்சிருக்காக. தாகத்தோட போகல. எங்களுக்கு அது போதும்" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அவர் உங்களை நாலு அறை அறைந்திருந்தால்கூட நீங்கள் பிழைத்திருப்பீர்கள் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. அன்றிலிருந்து நீங்கள் இஞ்சி சோடாவை வாயில் வைக்கவே இல்லை. வருகிறவர்களுக்கு உடைத்துக் கொடுக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள்.

ஆடி அமாவாசைக்கு உங்கள் அப்பாவுக்குத் திதி கொடுக்க நாம் திருச்சுழிக்கு பஸ் ஏறினோம். ஊர் எல்லையைத் தாண்டிக் கருவேலங்காடு தொடங்கியதும் என் கையைப் பிடித்தீர்கள். விரலெல்லாம் ஐஸாக இருந்தது. "நிப்பாட்டச் சொல்லு. மூச்சு வரமாட்டேங்குது. நான் சாகப் போறேன்" என்றீர்கள். நெஞ்சு அடிக்கிற அடி சட்டைக்கு மேலே தெரிந்தது. பஸ்ஸை நிறுத்தி இறங்கினோம். நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மைல்கல்லில் உங்களை உட்காரவைத்து முந்தானையால் விசிறினேன். "கையும் உதடும் மரத்துப் போச்சு. பாப்பாவைப் பாத்துக்க" என்றீர்கள். மகளுக்கு அப்போதுதான் பல் விழ ஆரம்பித்திருந்தது. நான் அழுதுகொண்டே வருகிற லாரியையெல்லாம் மறித்தேன். ஒரு லாரி நிற்பதற்குள் உங்களுக்கு மூச்சு சீராகிவிட்டது. வேர்த்து, வெளுத்து, வெட்கப்பட்டுப்போய் உட்கார்ந்திருந்தீர்கள்.

அது திரும்பத் திரும்ப வந்தது. கடையில் கூட்டம் கூடினால் வந்தது, கோயிலில் வந்தது, காரணமே இல்லாமலும் வந்தது. பாய் பிடித்துக்கொண்டார் என்று ஊர் முடிவு கட்டியது. வேப்பிலை அடித்தார்கள். தர்காவில் மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டினார்கள். பாய் உயிரோடு இருந்தபோது யாரையும் ஒரு அதட்டல் போட்டதில்லை, செத்தபிறகு இவரைப் பிடித்து என்ன செய்யப் போகிறார் என்று நான் உங்கள் தம்பியோடு சண்டை போட்டேன். நம்மூர் டாக்டர் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயம் நல்லா இருக்கு. ஒண்ணுமில்ல, தைரியமா இருங்க" என்றார். ஒன்றுமில்லை என்ற அந்தச் சொல்லோடு நீங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒன்றுமில்லாததற்கா ஒரு மனுஷன் இப்படித் துடிப்பான் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். பஸ் ஏறுவதை விட்டீர்கள். அப்புறம் தெரு முனையைத் தாண்டுவதையும் விட்டீர்கள். மிஷினை நானும் உங்கள் தம்பியும் சுற்றினோம்.

கடைசியில் அந்த டாக்டரே மதுரையில் ஒரு மனநோய் டாக்டரம்மாவைப் பார்க்கச் சொன்னார். உங்கள் தம்பி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"மயினி, அந்த டாக்டருகிட்ட போனோம்னு வெளிய தெரிஞ்சா நாளைக்குப் பாப்பாவுக்கு மாப்பிள்ளை வருமா?"

"அப்பன் இல்லாத பிள்ளைக்கு மட்டும் வரிசையில நிக்கிறாகளா? வழியை விடுங்க."

காரியாபட்டி தாண்டுகிற வரைக்கும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டே வந்தீர்கள். அந்த டாக்டரம்மா உங்களைப் பேசவிட்டுக் கேட்டார். பாய் கதையை முழுக்கச் சொல்லி முடித்ததும் அவர் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னது தப்பு. உங்களுக்கு ஒண்ணு இருக்கு. அது இதயத்துல இல்ல, அவ்வளவுதான்." மில்லில் ஷிப்டு இல்லாத நேரத்தில் சங்கு ஊதினால் எப்படி ஊரே பதறுமோ, அப்படி உடம்பு காரணமில்லாமல் அபாயச் சங்கு ஊதுகிறது என்றார். இதற்கு மாத்திரை உண்டு, குணம் தெரியச் சில வாரம் ஆகும், தெரிந்ததும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது என்றார். காப்பியைக் குறைக்கச் சொன்னார். மூச்சை மெதுவாக விடப் பழக்கினார். பயம் வருகிற இடத்தை விட்டு ஓடாமல், கொஞ்சம் கொஞ்சமாக அங்கேயே போய் நிற்கச் சொன்னார். நீங்கள் அன்றுதான் பல மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

கிளம்பும்போது அவர் என்னைக் கூப்பிட்டுத் தனியாக ஒன்று சொன்னார். "இந்த வியாதி இருக்கறவங்களுக்கு இதய வியாதி வராதுன்னு யாரும் எழுதிக் கொடுக்கல. வழக்கமா வர்றது எப்படி வருதுன்னு நல்லாப் பாத்து வச்சுக்கங்க. அது மாறி வேற மாதிரி வந்தா, பயம்தான்னு சொல்லி விட்டுறாதீங்க." நான் சரி என்று தலையாட்டினேன். அந்தச் சொல்லை முடிந்து வைத்துக்கொண்டேன்.

அப்புறம் நாம் பஸ் பழகினோம். எனக்குச் சிரிப்பு வருகிறது, அதை நினைத்தால். முதலில் அடுத்த ஸ்டாப் வரைக்கும் போய் இறங்கி நடந்தே திரும்பினோம். பிறகு அதற்கடுத்த ஸ்டாப். அதே கண்டக்டர். "என்னண்ணே, இம்புட்டுத் தூரத்துக்கு டிக்கெட்டு எதுக்கு? நடந்தே போயிரலாமே" என்பார். "புதுசா கல்யாணம் ஆன ஜோடி, காத்து வாங்கப் போறோம், கொடுங்க" என்பேன். உங்களுக்குப் பயம் ஏறும்போது என் கையை நெறிப்பீர்கள். நான் பதிலுக்குக் கிள்ளுவேன். இறங்கிவிடுவோம் என்று கண்ணால் கெஞ்சுவீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஏறின பயம் தானாக இறங்குகிறது என்று உங்கள் உடம்பு கற்றுக்கொள்ளும் வரைக்கும் அப்படியே போய்வந்தோம். கடைசியில் வீரசோழனுக்கே போனோம். பாய் வீட்டில் டீ கொடுத்தார்கள். உட்கார்ந்து குடித்தீர்கள். திரும்பும்போது ஜன்னலில் சாய்ந்து அசந்து தூங்கிவிட்டீர்கள். நான்தான் ஊர் வருகிற வரைக்கும் உங்கள் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகுதான் கடையில் நீங்கள் அந்தக் கேள்விகளை ஆரம்பித்தீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யார் வந்தாலும் பாட்டிலில் கை வைக்கமாட்டீர்கள். எங்கே வலி, கைக்கோ தாடைக்கோ போகிறதா, வேர்க்கிறதா, நடந்தால் கூடுகிறதா. டாக்டர்களிடம் கேட்டு வைத்துக்கொண்ட கேள்விகள்தான். பதில் சரியில்லை என்று பட்டால் சோடா கிடையாது. உங்கள் தம்பியை சைக்கிள் எடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவீர்கள். வாத்தியார் வீட்டம்மா ஒருவருக்கு நெஞ்சில் வலியே இல்லை, தாடையும் முதுகும் இழுக்கிறது, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றார்கள். அவர்களையும் அனுப்பினீர்கள். அங்கே போனதால் பிழைத்தார்கள். ஆனால் ஊரில் பேச்சானது அதுவல்ல. ஒரு தறிக்காரரை அடித்துப் பிடித்து அனுப்பி, அங்கே அவர் ஒரு பெரிய ஏப்பம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாரே, அதுதான். பஸ் ஸ்டாண்டே சிரித்தது. சோடா டாக்டர் என்று பெயர் வைத்தார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நீங்கள் மிஷினைச் சுற்றிக்கொண்டே சொன்னீர்கள், "சிரிச்சுட்டுப் போறாக விடு. சிரிக்க ஆளு உசுரோட இருக்குல்ல." அந்தச் சொல்லுக்காக உங்களை எத்தனை தடவை மனசுக்குள் கும்பிட்டேன் தெரியுமா? ஊருக்கெல்லாம் சொன்ன அந்தச் சொல்லை உங்களுக்கு என்று வந்தபோது எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள்?

தொண்ணூறுகளில் உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த மாத்திரையை வாரத்தில் பாதி நாள் மறப்பீர்கள். "நல்லாத்தானே இருக்கேன்" என்பீர்கள். கொதிப்பு வலிக்காது, வலிக்காததால்தான் மாத்திரை என்று டாக்டர் சொன்னதை நான் சாப்பாட்டுத் தட்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். பயமும் எப்போதாவது எட்டிப் பார்த்தது. இரண்டு முறை கார் பிடித்து மதுரைக்கு ஓடினோம். படம் எடுத்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது முறை திரும்பி வந்தபோது டீக்கடையில் ஒருவன், "வாங்கண்ணே, மறுபடியும் செத்துப் பிழைச்சு வந்துட்டீகளா?" என்றான். உங்கள் தம்பியும் சேர்ந்து சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். உங்கள் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். அந்த ஆளை நான் கேட்ட கேள்வியில் அவன் அப்புறம் நம் கடைப் பக்கம் வரவில்லை. அதனால் என்ன பிரயோஜனம்? நீங்கள் அதன் பிறகு என்னிடம் நெஞ்சைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டீர்கள்.

அப்புறம் அந்தப் பங்குனிப் பொங்கல், மாரியம்மன் திருவிழா. தெருவெல்லாம் அக்கினிச்சட்டிக் கூட்டம். சோடாவுக்கு அது மாதிரி ஒரு வியாபாரம் வருஷத்தில் வராது. காலையிலிருந்து மிஷினை விட்டு நீங்கள் நகரவில்லை. உச்சி வெயிலில் மிஷின் நின்றது. பெஞ்சில் வந்து உட்கார்ந்தீர்கள். நான் பாட்டில் அலசிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சி சோடா ஒண்ணு உடை" என்றீர்கள்.

என் கையிலிருந்த பாட்டில் தொட்டிக்குள் நழுவிவிட்டது. பாய் போனதிலிருந்து நீங்கள் தொடாத சோடா அது. திரும்பிப் பார்த்தேன். உள்ளங்கை விரித்து நெஞ்சில் இருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. வழக்கமாக வரும்போது ஒரு இடத்தில் உட்காரமாட்டீர்கள், எழுந்து நடப்பீர்கள், கையை உதறுவீர்கள், பாப்பாவைப் பாத்துக்க என்பீர்கள். அன்று அசையவே இல்லை. டாக்டரம்மா சொன்னது எனக்குக் காதில் கேட்டது. உங்கள் கேள்விகளை உங்களிடமே கேட்டேன்.

"எங்க வலிக்குது?"

"வலிக்கல. பாரமா இருக்கு."

"வேர்க்குதே?"

"பங்குனி வெயில்ல யாருக்குத்தான் வேர்க்கல?"

"பயமா இருக்கா?"

"அதுதான் இல்லையே. பயமே இல்ல. அதான் சொல்றேன், இன்னைக்கு ஒண்ணுமில்ல. நீ சோடாவை உடை."

நான் உடைக்கவில்லை. உங்கள் தம்பி, "மயினி, அண்ணனுக்கு வழக்கமா வர்றதுதானே, யாவாரத்தைப் பாருங்க" என்றார். "வழக்கமா வர்றது இதில்ல. காரைக் கொண்டாங்க" என்று நான் போட்ட சத்தத்தில் வாங்க வந்தவர்களெல்லாம் ஒதுங்கினார்கள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எடுத்தவர் முகம் மாறியது. நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்து, இன்னொன்றை மெல்லச் சொல்லி, மதுரைக்கு உடனே கொண்டுபோங்கள் என்றார்கள். சட்டிக் கூட்டத்துக்குள் கார் ஊர்ந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வழி கேட்டுக் கத்திக்கொண்டே வந்தேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், எப்போது ஆரம்பித்தது என்று. நான் "மத்தியானம்" என்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "விடியக்காலையில" என்றீர்கள்.

எனக்கு அந்த இடத்தில் உங்கள் மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். சீக்கிரம் வந்திருந்தால் நல்லபடியாக வேலை செய்திருக்கும் என்றார் டாக்டர். உயிர் நின்றது. இதயத்தில் ஒரு பக்கம் செத்துவிட்டது. அதன் பிறகு உங்களால் படுத்துத் தூங்க முடியவில்லை, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூங்கினீர்கள். காலெல்லாம் வீங்கியது. உப்பில்லாத சாப்பாட்டை முகம் சுளிக்காமல் சாப்பிட்டீர்கள். மாத்திரை ஒன்றைக்கூட மறக்கவில்லை. அதையெல்லாம் முன்னாலேயே செய்திருக்கக்கூடாதா?

ஒருநாள் கேட்டே விட்டேன். உங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

"காலையிலயே ஏன் சொல்லல?"

"பயம் வந்திருந்தா உன்னைக் கூப்பிட்டிருப்பேன். அன்னைக்கு வலி மட்டும்தான் வந்துச்சு" என்றீர்கள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மறுபடியும் காரைப் பிடிச்சுப் போயி, ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டா? பொங்கலுக்கு வந்த ஊரே சிரிக்கும்ல" என்றீர்கள்.

நான் தொடர்ந்து காலைப் பிடித்துவிட்டேன். ஊரையே ஆஸ்பத்திரிக்கு விரட்டின மனுஷன் ஒரு டீக்கடைச் சிரிப்புக்குப் பயந்து விடியக்காலையிலிருந்து மிஷினைச் சுற்றியிருக்கிறார். எத்தனையோ பயத்துக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். இந்தப் பயம் உங்களுக்குள் இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஐப்பசி மழை பிடித்த சமயம் நீங்கள் போனீர்கள். சாய்ந்தபடியே, பயமில்லாமல் போனீர்கள். பாயின் தம்பி வீரசோழனிலிருந்து வந்து உங்கள் காலடியில் நின்று அழுதார்.

மிஷினை விற்றாயிற்று. மகளுக்கு நல்ல இடம் அமைந்தது, உங்கள் தம்பிதான் முன்னால் நின்று செய்தார். அவர் இப்போது யார் நெஞ்சு என்று சொன்னாலும் சிரிப்பதில்லை. பாய் குடித்த பாட்டில் என் சமையல்கட்டில் இருக்கிறது. சோடா எப்போதோ வற்றிவிட்டது, கோலி மட்டும் கிடக்கிறது. உங்கள் கேள்விகளை நான் வைத்திருக்கிறேன். பஸ்ஸில், ரேஷன் கடையில், கோயிலில், நெஞ்சைத் தேய்க்கிற யாரைப் பார்த்தாலும் கேட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் நானாகச் சேர்த்திருக்கிறேன். "யாராவது சிரிப்பாகன்னு யோசிக்கிறீகளா?" என்று கேட்பேன். பாதிப் பேர் அந்தக் கேள்விக்குத்தான் தலையைக் குனிகிறார்கள்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன். போன் அடித்தது.

அந்தப் பையன்தான். "அம்மா, ரெண்டு தடவை படம் எடுத்தாக, ரத்தமும் எடுத்துப் பாத்தாக. இதயம் நல்லா இருக்காம். வாய்வுதானாம்" என்றான். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். கல்யாண வீட்டு ஆட்கள் எல்லோரும் காரைச் சுற்றி நிற்பார்கள் போலிருக்கிறது. தாய்மாமன் போனைப் பிடுங்கிப் பேசினார். "சோடாக்காரம்மா, ஒரு ஏப்பத்துக்காக என் சீரைக் கெடுத்துப்புட்டீகளே! ஊரே சிரிக்குது!" சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். நல்ல கனமான சிரிப்பு, நெஞ்சிலிருந்து வருகிற சிரிப்பு.

"சிரிங்க தம்பி, நல்லாச் சிரிங்க" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். நான் போனை வைக்கவில்லை.